நடுவில் ஒரு டி.ஏ.ஜி: மீத்தேன் நுண்ணுயிரியின் நொதி, அதன் மரபணு, அதன் படிகம்

வாசகர் கேள்வி, ஜூன் 3

சேற்றிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை வரிசைப்படுத்தி அதிலிருந்து மீத்தேன் உண்டாக்கும் ஒரு ஆர்க்கியாவின் (பாக்டீரியா போலத் தெரிந்தாலும் தனி வகை நுண்ணுயிரி) ஜீனோமைத் தொகுத்து எடுத்திருக்கிறோம். மெத்தில்அமைனைப் பிடிக்கும் நொதியின் மரபணு மட்டும் பாதியில் 'நிறுத்து' என்று பொருள்படும் டி.ஏ.ஜி என்ற மூன்றெழுத்து வந்து அறுந்துபோகிறது. மென்பொருள் இரண்டு துண்டாகக் காட்டி, செயலிழந்த மரபணு என்று குறித்துவிட்டது. சீக்வென்சிங் பிழை என்று வைத்துக்கொண்டு அந்த ஓர் எழுத்தை மாற்றிவிடலாமா? மாற்றிவிட்டால், வரிசையிலிருந்து புரத அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டில் கொடுத்து அமைப்பையும் வாங்கிவிடலாம். வரிசை கையில் இருக்கும்போது படிகம், எக்ஸ்ரே எல்லாம் இனி எதற்கு என்பதுதான் என் எண்ணம்.

ஜூன் 3, இரவு 10.20

மாற்றாதீர்கள். தயவுசெய்து அந்தக் கோப்பை அப்படியே விடுங்கள். அது பிழை இல்லை, பைரோலைசின் என்ற அரிய அமினோ அமிலத்துக்கான குறி. நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 4, காலை 6.50

முதலில் பிழையா இல்லையா என்று பார்ப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது அதுதான்.

சீக்வென்சிங் பிழையால் ஒரு மரபணு உடைந்தால் பெரும்பாலும் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும், அல்லது கூடுதலாக ஒன்று நுழைந்திருக்கும். அப்போது ஃபிரேம், அதாவது எழுத்துகளை மூன்று மூன்றாகப் பிரித்துப் படிக்கும் ஒழுங்கு, நகர்ந்துவிடும், இரண்டு துண்டும் வேறு வேறு ஃபிரேமில் கிடக்கும். உங்கள் இரண்டு துண்டும் ஒரே ஃபிரேமில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நடுவில் இருக்கும் அந்த டி.ஏ.ஜி-யை மட்டும் ஏதோ ஓர் அமினோ அமிலம் என்று வைத்துக்கொண்டு தொடர்ந்து படித்துப் பாருங்கள். நானூற்றைம்பது சொச்சம் அமினோ அமிலம் கொண்ட ஒரு முழுப் புரதம் வரும். மெத்தனோசார்சினா பார்க்கெரி என்ற ஆர்க்கியாவில் அந்த டி.ஏ.ஜி 202-வது இடத்தில் இருக்கிறது. உங்களுடையதும் அதன் அருகில்தான் வரும்.

இன்னொன்று. இரண்டாவது துண்டு எங்கே தொடங்குகிறது என்று மென்பொருள் சொல்வதை நம்பாதீர்கள். டி.ஏ.ஜி-க்குப் பிறகு வரும் ஏதோ ஓர் ஏ.டி.ஜி-யையோ ஜி.டி.ஜி-யையோ பிடித்துக்கொண்டு அதுதான் தொடக்கம் என்று சொல்லும். இடையில் இருக்கும் அமினோ அமிலங்கள் காணாமல் போய்விடும். அவைதான் நொதியின் வாய்க்குள் இருப்பவை.

ஜூன் 4, இரவு 9.15

காலையில் அவசரத்தில் விட்ட கதை இது.

இந்த நுண்ணுயிரிகள் மெத்தில்அமைன்களைத் தின்று மீத்தேன் விடும். டிரைமெத்தில்அமைன் என்றால் பழைய மீனின் வாடை, அதுதான். ஒன்று, இரண்டு, மூன்று மெத்தில் (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த குழு) கொண்ட அமைன்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நொதி. ஒரு மெத்தில் கொண்டதைப் பிடிப்பது எம்.டி.எம்.பி. அது மெத்திலைப் பிடுங்கி, பக்கத்திலிருக்கும் இன்னொரு புரதத்தின் கோபால்ட் அணுவில் வைக்கும். அங்கிருந்து மூன்றாவது ஒரு நொதி அதைத் தூக்கி கோஎன்சைம்-எம் என்ற சிறு மூலக்கூறில் ஏற்றும். கடைசியில்தான் மீத்தேன்.

1990-களின் கடைசியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கிர்சிக்கியின் குழு எம்.டி.எம்.பி-யின் மரபணுவை வரிசைப்படுத்தியபோது நடுவில் இந்த டி.ஏ.ஜி இருந்தது. ஆர்.என்.ஏ.வில் எழுதினால் யு.ஏ.ஜி, நிறுத்து என்று பொருள். ஆனால் செல்லிலிருந்து பிரித்தெடுத்த புரதமோ நிறுத்தத்தைத் தாண்டிய முழு நீளத்தில், சுமார் 50 கிலோடால்டன் எடையில் இருந்தது. அப்புறம் டைமெத்தில், டிரைமெத்தில் நொதிகளின் மரபணுக்களையும் படித்தார்கள், அவற்றிலும் நடுவில் டி.ஏ.ஜி. ஒன்றுக்கொன்று வரிசையில் ஒற்றுமையே இல்லாத மூன்று நொதிக் குடும்பங்கள், மூன்றிலும் அதே எழுத்துகள். அந்த இடத்திலேயே பிழை என்ற பேச்சு முடிந்துபோயிற்று. பிழை என்றால் இவ்வளவு ஒழுங்காக மூன்று இடத்தில் வந்து உட்காராது.

2002-ல் இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வந்தன. ஒன்று, எம்.டி.எம்.பி-யின் படிக அமைப்பு, 1.55 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில். மைக்கேல் சானின் குழுவும் கிர்சிக்கியின் குழுவும் சேர்ந்து செய்தது. 202-வது இடத்தில் ஒரு லைசின், அதன் நுனியில் அமைடு பிணைப்பால் ஒட்டிய ஓர் ஐந்து அணு வளையம். வழக்கமான இருபது அமினோ அமிலங்களில் எதுவும் இல்லை, இருபத்தொன்றாவதான செலினோசிஸ்டீனும் இல்லை. இருபத்திரண்டாவது. மற்ற கட்டுரையில், அதே மரபணுக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே யு.ஏ.ஜி-யைப் படித்து அதற்கான அமினோ அமிலத்தைச் சுமந்துவரக்கூடிய ஒரு டிஆர்என்ஏவின் மரபணு இருப்பதைக் காட்டினார்கள்.

ஜூன் 5, மதியம் 1.05

நேற்று எழுதியதில் திருத்தம். அந்த வளையத்தின் அமைப்பு முழுவதும் 2002-லேயே தெரிந்துவிட்டது என்ற எண்ணம் வரும்படி எழுதிவிட்டேன். அப்படி இல்லை. வளையத்தின் நாலாவது கார்பனில் ஏதோ ஒன்று ஒட்டியிருப்பது எக்ஸ்ரே தரும் எலக்ட்ரான் அடர்த்திப் படத்தில் தெரிந்தது. அது மெத்திலா, அமைனா, ஹைட்ராக்சிலா என்று படிகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. மூன்றும் எக்ஸ்ரேக்குக் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், ஹைட்ரஜன் அந்த நுணுக்கத்தில் கண்ணுக்குப் படாது. பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் நிறுத்துப் பார்த்துத்தான் மெத்தில் என்று முடிவானது. புரதச் சங்கிலிக்குள் இருக்கும்போது அதன் நிறை சுமார் 237 டால்டன். 2005-ல் மூன்று வகை நொதிகளிலும் அதே எடை வந்தது.

ஆக வரிசை மட்டும் போதாது என்று உங்களிடம் சொல்ல வந்த நான், படிகமும் தனியாகப் போதாது என்று இப்போது சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜூன் 5, இரவு 11.40

இதையும் சொல்லிவிடுகிறேன். 2001-ல், படிகம் வருவதற்கு ஒரு வருடம் முன்னால், அதே குழு புரதத்தையே துண்டு துண்டாக வெட்டி அந்த இடத்தில் என்ன அமினோ அமிலம் என்று பார்த்தது. லைசின் என்று வந்தது. சாதாரண லைசின்! துண்டுகளைப் பிரித்தெடுக்கும் முறையில் அந்த அமைடு பிணைப்பு உடைந்து வளையம் கழன்றுபோயிருக்கலாம், மிஞ்சியது லைசின் மட்டும். அந்தக் கட்டுரையில் அவர்கள் லைசின் என்று அடித்துச் சொல்லிவிட்டு நின்றுவிடவில்லை, ஏதாவது மாற்றம் பெற்ற லைசினாக இருக்கக்கூடும் என்ற வழியையும் திறந்தே வைத்திருந்தார்கள். எனக்கு அந்த நிதானத்தின் மேல் பெரிய மதிப்பு.

ஜூன் 6, காலை 7.30

நான் ஏன் இவ்வளவு பதறி "மாற்றாதீர்கள்" என்று எழுதினேன் என்று கேட்டிருந்தீர்கள்.

நானே மாற்றியிருக்கிறேன். பல வருடம் முன்பு, ஒரு கழிவுநீர் மாதிரியிலிருந்து எடுத்த ஜீனோம். அன்று எனக்கு மெத்தில்அமைன் பக்கம் எந்த அக்கறையும் இல்லை, மீத்தேனைக் கடைசியில் வெளியே விடும் எம்.சி.ஆர். என்ற இன்னொரு நொதியைத் தேடிக்கொண்டிருந்தேன். உடைந்த மரபணுக்கள் பட்டியல் ஒன்று தனியாக வந்தது. அதில் ஏழெட்டு ஜோடிகள், எல்லாமே ஒரே ஃபிரேமில், எல்லாமே டி.ஏ.ஜி-யில் அறுந்தவை. அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை, தரம் குறைந்த வரிசை என்று குறிப்பெழுதிச் சில ஜோடிகளில் டி.ஏ.ஜி-யை சி.ஏ.ஜி ஆக்கி ஒட்டினேன், மற்றவற்றைத் தூக்கி எறிந்தேன். குளூட்டமின் ஆகிவிட்ட அந்தப் புரதங்களை அமைப்புக் கணிப்பில் கொடுத்தபோது அழகான பீப்பாய் வடிவம் வந்தது, எட்டு இழைகள் சுற்றி நிற்க, நடுவில் ஆழமான ஒரு குழி. குழியின் அடியில் என்னுடைய குளூட்டமின் உட்கார்ந்திருந்தது. கணிப்பின் நம்பிக்கை மதிப்பெண்ணும் அந்த இடத்தில் நன்றாகவே இருந்தது. யாரும் எதையும் சந்தேகப்பட வழியில்லை.

அந்தக் குழியின் அடியில்தான் பைரோலைசின் இருக்க வேண்டும். அதன் வளையத்திலிருக்கும் கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பில் மெத்தில்அமைன் வந்து ஒட்டும், கோபால்ட் வந்து மெத்திலைப் பிடுங்க வாகாகத் திரும்பி நிற்கும் என்பதுதான் முன்வைக்கப்பட்ட செயல்முறை. அதாவது நான் மாற்றிய அந்த ஓர் எழுத்துதான் நொதியின் வேலையே.

ஜூன் 6, மாலை 5.10

ஆர்.என்.ஏ. எடிட்டிங் ஆக இருக்கலாமே, நடுவில் யு.ஏ.ஜி-யை வேறு எழுத்தாக செல் மாற்றிக்கொள்ளலாமே என்று வந்திருக்கும் கேள்விக்கு.

நியாயமான கேள்விதான், ஆனால் 2004-ல் இதற்கு நேரடியான பதில் கிடைத்தது. அந்த டிஆர்என்ஏவின் மரபணுவையும், அதில் பைரோலைசினை ஏற்றிவிடும் நொதியின் மரபணுவையும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். செயற்கையாகத் தயாரித்த பைரோலைசினை வெளியிலிருந்து கொடுத்தார்கள். ஈ.கோலை எம்.டி.எம்.பி-யை முழு நீளத்துக்குச் செய்தது, யு.ஏ.ஜி வரும் இடத்தில் பைரோலைசினோடு. லைசினை ஏற்றிய பிறகு அதன் மேல் வளையத்தை ஒட்டுகிறதா, இல்லை முழுப் பைரோலைசினையே ஏற்றுகிறதா என்ற சந்தேகமும் அதில் தீர்ந்தது. முழுதாகவே ஏற்றுகிறது. செலினோசிஸ்டீன் அப்படி இல்லை, அதை முதலில் செரினாக டிஆர்என்ஏவில் ஏற்றிவிட்டு அங்கேயே வைத்து மாற்றுகிறது செல். இரண்டும் நிறுத்தக் கோடானில் ('நிறுத்து' என்னும் மூன்றெழுத்தில்) வருவதால் ஒரே மாதிரி என்று நினைத்துவிடுவோம், வழி முற்றிலும் வேறு.

பைரோலைசினைச் செய்வது இரண்டு லைசின்களிலிருந்து. இதற்கு மூன்று நொதிகள், அவற்றின் மரபணுக்களும் அதே கூட்டத்திலேயே வரிசையாக நிற்கின்றன. உங்கள் ஜீனோமில் தேட வேண்டியது இவைதான்: டிஆர்என்ஏவுக்கு பி.ஒய்.எல்.டி (pylT), ஏற்றும் நொதிக்கு பி.ஒய்.எல்.எஸ் (pylS), செய்யும் நொதிகளுக்கு பி, சி, டி (pylB, pylC, pylD). இவை இருந்தால் அந்த டி.ஏ.ஜி-யை பைரோலைசின் என்று தாராளமாகப் படிக்கலாம். இந்த டிஆர்என்ஏவின் உடல் வழக்கமான டிஆர்என்ஏ போல இருக்காது, சில இடங்களில் குறுகியிருக்கும், அதனால் டிஆர்என்ஏ தேடும் மென்பொருள் அதைத் தவறவிடலாம். பி.ஒய்.எல்.எஸ்-ஐ முதலில் பிடியுங்கள், அதன் பக்கத்தில் கையால் தேடுங்கள்.

ஜூன் 7, காலை 8.00

ஒரு நடைமுறை வழி. மரபணு தேடும் மென்பொருளில் மரபுக் குறியீட்டு அட்டவணையை, பாக்டீரியா, ஆர்க்கியாவுக்கான வழக்கமான 11-லிருந்து 15-க்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். 15-ல் டி.ஏ.ஜி நிறுத்தம் இல்லை, குளூட்டமின் என்று படிக்கும். உடைந்த ஜோடிகள் ஒட்டிக்கொண்டு முழுசாக வரும்.

ஜூன் 7, இரவு 10.55

காலையில் எழுதியதைச் செய்து பார்த்துவிட்டு, மற்ற மரபணுக்கள் எல்லாம் வால் நீண்டு கிடக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், நீளும், நான் முன்னாலேயே எச்சரித்திருக்க வேண்டும். டி.ஏ.ஜி-யை உண்மையான நிறுத்தமாக வைத்திருக்கும் மரபணுக்களும் இந்த ஜீனோமில் உண்டு. அட்டவணை 15-ல் அவை நிற்காமல் அடுத்த நிறுத்தம் வரை ஓடும். எனவே 15-ஐ ஆளைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள். கிடைத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 11-ல் வந்த முடிவில் அந்த மரபணுக்களை மட்டும் கையால் திருத்துங்கள். திருத்தும்போது எழுத்தை மாற்ற வேண்டாம், டி.ஏ.ஜி டி.ஏ.ஜி-யாகவே இருக்கட்டும், புரத வரிசையில் அந்த இடத்தில் பைரோலைசினுக்கான ஒற்றை எழுத்தான 'ஓ'-வைப் போடுங்கள். அதற்கென்றே ஒதுக்கிய எழுத்து அது.

ஒரு செல்லுக்குள் சில யு.ஏ.ஜி நிறுத்தமாகவும் சில பைரோலைசினாகவும் இருந்தால், புரதத்தைக் கட்டும் ரைபோசோமுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? செலினோசிஸ்டீனுக்கு ஆர்.என்.ஏ.வில் மடிந்த கொண்டை ஒன்று அடையாளமாக நிற்கிறது. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று முதலில் நினைத்தார்கள், ஆனால் அந்தக் கொண்டையை எடுத்துவிட்டாலும் வாசிப்பு நடந்தது. மெத்தனோசார்சினாவில் டி.ஏ.ஜி-யை நிறுத்தமாக வைக்கும் மரபணுக்களே குறைவு என்பது ஒரு பகுதி விடை. அசெட்டோஹாலோபியம் அராபாட்டிகம் என்ற பாக்டீரியா இன்னும் விசேஷம். டிரைமெத்தில்அமைனில் வளரும்போது மட்டும் பைரோலைசினைக் குறியீட்டில் சேர்த்துக்கொள்கிறது, வேறு உணவு கிடைத்தால் விட்டுவிடுகிறது. மரபுக் குறியீடு சாப்பாட்டைப் பொறுத்து விரிந்து சுருங்குகிறது! 2012-ல் இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஜூன் 9, காலை 9.20

இந்தப் பேச்சில் எம்.சி.ஆர்.-ஐ ஏன் விட்டீர்கள், மீத்தேன் என்றால் அதுதானே என்று கேட்டவருக்கு.

விடவில்லை, ஆசையோடு ஒதுக்கி வைத்திருந்தேன். மெத்தில்-கோஎன்சைம்-எம் ரிடக்டேஸ். பூமியில் நுண்ணுயிரிகள் ஆண்டுக்குச் செய்யும் சுமார் 100 கோடி டன் மீத்தேனும் இந்த ஒரு நொதியின் கையால் வெளியே வருகிறது.

இதன் மரபணுக்கள் 1980-களின் பிற்பகுதியிலேயே வரிசைப்படுத்தப்பட்டுவிட்டன. மெத்தனோகாக்கஸ் வானியெலியில் 1987-ல். ஐந்து மரபணு ஒரே தொடராக: பி, டி, சி, ஜி, ஏ. ஆனால் பிரித்தெடுத்த நொதியில் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று வகைத் துணையலகுகள்தான், ஒவ்வொன்றும் இரண்டு பிரதி, மொத்தம் சுமார் 300 கிலோடால்டன். நடுவில் இருக்கும் டி-யும் சி-யும் எதற்கு என்பது வரிசையைப் பார்த்துத் தெரியவில்லை. தூங்கும் எம்.சி.ஆர்.-ஐ ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து எழுப்பும் புரதக் கூட்டத்தில் சி-யும் ஒரு ஆள் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

1997-ல் ஜெர்மனியிலிருந்து எர்ம்லர், ஷிமா, தவர் குழுவின் படிக அமைப்பு வந்தது, 1.45 ஆங்ஸ்ட்ராம். நிக்கலைச் சுமந்த எஃப்430 என்ற மஞ்சள் துணைக்காரணி புரதத்துக்குள் ஆழப் புதைந்திருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே போக ஒரே ஒரு குறுகலான பாதை. முதலில் மெத்தில்-கோஎன்சைம்-எம் உள்ளே போகும். பின்னால் கோஎன்சைம்-பி வந்து நுழைந்து வாசலை அடைக்கும். அடைத்த பிறகுதான் வேலை தொடங்கும், தண்ணீர் எட்டிப் பார்க்காத இடத்தில். நிக்கல் மெத்திலைப் பிடித்துக்கொள்கிறதா, இல்லை மெத்தில் ஒரு கணம் தனி ரேடிக்கலாக நிற்கிறதா என்று அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருடம் வாதம் ஓடியது. 2016-ல் ராக்ஸ்டேல் குழுவின் சோதனைகள் ரேடிக்கல் பக்கம் சாய்த்தன.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அதே படிகத்தில், ஆல்ஃபா துணையலகில், நிக்கலுக்கு அருகில் ஐந்து அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. ஹிஸ்டிடினில் ஒரு மெத்தில், சிஸ்டீனில் ஒன்று, ஆர்ஜினினில் ஒன்று, குளூட்டமினில் ஒன்று. ஐந்தாவது, 445-வது கிளைசினில் முதுகெலும்பின் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம். மரபணுவில் இவை எல்லாம் சாதாரண எழுத்துகள். பைரோலைசினுக்காவது ஒரு டி.ஏ.ஜி கண்ணை உறுத்திக்கொண்டு நிற்கும், இங்கே உறுத்த எதுவுமில்லை. ஆயிரம் முறை வரிசைப்படுத்தினாலும் அந்தக் கந்தகம் தெரிய வராது.

ஜூன் 9, இரவு 11.30

காலையில் எழுதியதைப் படித்தால் வரிசைப்படுத்தலை மட்டம் தட்டியது போல இருக்கிறது. அது நியாயமில்லை. அந்தக் கந்தகத்தைக் கிளைசினில் யார் வைக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தது ஜீனோம்களை ஒப்பிட்டுத்தான். எல்லா மீத்தேன் ஆர்க்கியாக்களிலும் இருக்கிற ஒரு மரபணு ஜோடியைக் கவனித்து, மெத்தனோசார்சினா அசெட்டிவோரன்ஸில் அதை நீக்கிப் பார்த்தார்கள். 2017-ல் வந்தது. கிளைசினில் கந்தகம் இல்லை, ஆனால் உயிரி செத்துப்போகவில்லை, வளர்ச்சி மட்டும் தடுமாறியது. படிகம் எதைத் தேட வேண்டும் என்று காட்டியது, வரிசை எங்கே தேட வேண்டும் என்று காட்டியது.

பைரோலைசினிலும் அப்படித்தானே. அந்த டிஆர்என்ஏ பக்கத்து வரிசையில் இருந்ததால்தான் கிடைத்தது. இதை நான் முதலிலேயே யோசித்திருந்தால் உங்களுக்கு அவ்வளவு வேகமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

ஆல்ஃபாஃபோல்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-ல் வெளியான பதிப்புக்கு இருபது அமினோ அமிலம்தான் தெரியும். 2024-ல் வந்த மூன்றாம் பதிப்பு மாற்றம் பெற்ற அமினோ அமிலங்களையும், உள்ளே உட்காரும் சிறு மூலக்கூறுகளையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் எந்த இடத்தில் என்ன மாற்றம் என்று நாம் சொல்ல வேண்டும்.

ஜூன் 10, மதியம் 2.45

எம்.சி.ஆர்.-ஐ நேரில் பார்த்த ஒரு நாளை எழுத வேண்டும் போலிருக்கிறது. ஆக்சிஜன் நீக்கிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறையை நுழைத்து வேலை. அறுவடைக்கு முன் செல்களுக்குள் ஹைட்ரஜனை ஓடவிட்டால்தான் நிக்கல் ஒன்று என்ற நிலையில் நொதி உயிரோடு கிடைக்கும். அன்று கிடைத்தது. சிறு குப்பியில் பச்சை. இத்தனை வருடம் காகிதத்தில் படித்த அந்த நிக்கல் இதோ இருக்கிறது என்று கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையுறையின் விரல் மடிப்பில் ஊசி முனையளவு கீறல் இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. ஆக்சிஜன் அளவி கத்தத் தொடங்கும்போதே பச்சை வெளிறிக்கொண்டு வந்தது, கொஞ்ச நேரத்தில் குப்பி முழுக்க மஞ்சள். நிக்கல் இரண்டு என்ற நிலைக்குப் போய்விட்டது, நொதி செத்துவிட்டது. மூன்று வார வேலை. வரிசை அப்படியே, அமைப்பும் கிட்டத்தட்ட அப்படியே. ஓர் எலக்ட்ரான் மட்டும் போய்விட்டது.

மாடுகளின் இரைப்பை மீத்தேனைக் குறைக்கத் தீவனத்தில் சேர்க்கும் 3-நைட்ரோஆக்சிப்ரொப்பனால் செய்வதும் ஏறத்தாழ இதைத்தான். வடிவத்தில் மெத்தில்-கோஎன்சைம்-எம் போல இருப்பதால் அந்தப் பாதை வழியாக உள்ளே போய் அந்த ஓர் எலக்ட்ரானைப் பறித்துவிடுகிறது. 1997 படிகத்தின் பாதை தெரிந்திருந்ததால்தான் அதை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொள்ள முடிந்தது.

ஜூன் 10, இரவு 9.00

சேற்றில் மீத்தேன் நுண்ணுயிரி எவை என்று எம்.சி.ஆரின் ஆல்ஃபா துணையலகுக்கான எம்.சி.ஆர்.ஏ. மரபணுவைப் பெருக்கிப் பார்த்தால் போதுமா என்று இடையில் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு கணக்கெடுப்புக்குப் போதும். இரண்டு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். சில இனங்களில் இரண்டாவது எம்.சி.ஆர். ஒன்று உண்டு, அதன் மரபணுவும் அதே பிரைமரில் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டில்) பெருகி வரும், இரண்டு உயிரி என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்து, எம்.சி.ஆர். இருந்தாலே மீத்தேனைச் செய்கிறது என்று ஆகாது. கடலடியில் மீத்தேனைத் தின்னும் ஆர்க்கியாக்கள் இதே நொதியைத் திருப்பி ஓட்டுகின்றன.

கருங்கடல் அடியில் இருக்கும் நுண்ணுயிர்ப் பாய்களில் பிரித்தெடுத்த புரதத்தில் 7 சதவீதம் இந்த நிக்கல் நொதி ஒன்றே என்று 2003-ல் வந்தது. அந்த ஆர்க்கியாவைத் தனியாக வளர்க்க யாராலும் முடியவில்லை. 2012-ல் அந்தப் பாயிலிருந்தே நேராகப் புரதத்தை எடுத்துப் படிகமாக்கி அமைப்பைக் கண்டுவிட்டார்கள். அதில் எஃப்430-ன் மேல் கூடுதலாக ஒரு மெத்தில்-தயோ தொங்கியது, வழக்கமான 905 டால்டனுக்குப் பதில் 951. வளர்க்கவே முடியாத ஓர் உயிரியின் நொதியைப் படிகமாகப் பார்ப்பது என்றால் சும்மா இல்லை.

ஜூன் 12, காலை 6.15

பி.ஒய்.எல்.எஸ் கிடைத்தது, பக்கத்தில் கையால் தேடியதில் டிஆர்என்ஏவும் கிடைத்தது, யு.ஏ.ஜி-யோடு இணையும் எதிர்க்கோடானில் சி.யு.ஏ தெளிவாக இருக்கிறது என்ற உங்கள் செய்தியைப் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். அப்படியானால் 'செயலிழந்த மரபணு' என்ற குறிப்பை எடுத்துவிடுங்கள்.

ஜூன் 14, இரவு 12.10

நேற்று 2002-ன் படிக அமைப்பை எலக்ட்ரான் அடர்த்தியோடு திறந்து 202-க்குப் போனேன். கணினி அடர்த்தியை நீல வலையாகக் காட்டும். பைரோலைசினை அழித்துவிட்டு அந்த இடத்தில் வெறும் லைசினை வைத்து மறுபடி கணக்கிட்டேன். லைசினின் நுனி வரைக்கும் நீலம் அணைத்துக்கொண்டு போகிறது. அதைத் தாண்டி, என் மாதிரி முடிந்துபோன இடத்துக்கு அப்பால், பச்சையாக ஒரு குமிழ். இங்கே ஏதோ இருக்கிறது, நீ வைக்கவில்லை என்று நிரல் சொல்லும் நிறம் அது. வளையத்தின் வடிவம் அதில் அச்சாகத் தெரிந்தது. 2001-ல் லைசின் என்று கையில் தாளை வைத்துக்கொண்டு அந்தக் குழுவினர் முதல் முறை இந்தக் குமிழைப் பார்த்தபோது அறையில் எப்படி இருந்திருக்கும் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என் பழைய கழிவுநீர் ஜீனோமைத் தேடி எடுத்தேன். நான் திருத்திய கோப்பு இருந்தது, நல்லவேளையாகத் திருத்தாத மூல வரிசையும் காப்புப் பிரதியில் இருந்தது. தூக்கி எறிந்தவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் எட்டு ஜோடி. ஆறு மெத்தில்அமைன் நொதிகள், ஒரே நேர்க்கோட்டில் பி.ஒய்.எல். கூட்டமும் இருந்தது. ஒரு ஜோடி உண்மையிலேயே நிறுத்தம், பக்கத்தில் வேறு மரபணு. எட்டாவது எந்தக் குடும்பத்திலும் சேரவில்லை. இருநூற்றுச் சொச்சம் அமினோ அமிலம், நடுவில் டி.ஏ.ஜி, இரண்டு பக்கமும் ஒரே ஃபிரேம். உங்கள் ஜீனோமில் இதற்கு ஜோடி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், வரிசையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.